தென்னமரம் தோட்டமும் ஒரு பிரெஞ்சுத் துரையும்: மலாயாவில் செம்பனையைத் தொடங்கிய ஆன்றி ஃபோகோனியே

கிள்ளானிலிருந்து கோல சிலாங்கூர் வழியாகப் பெஸ்தாரி ஜெயாவுக்குப் போகிறவர்களுக்கு வழியெல்லாம் செம்பனைதான் துணை. நம் பெரியவர்கள் இன்றும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் அந்த வட்டாரத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. பெயர்ப் பலகையில் ரோமன் எழுத்தில் பார்த்துப் பழகிவிட்டதால் அது தமிழ்ப் பெயர் என்பதே பலருக்கு உறைப்பதில்லை. தென்னை மரம் என்ற பெயரைத் தாங்கிய அந்த மண்ணில்தான், 1917-இல், இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் நடப்பட்டது.

நட வைத்தவர் ஆங்கிலேயர் அல்லர், பிரெஞ்சுக்காரர். பெயர் ஆன்றி ஃபோகோனியே. தோட்டக்காரராக மட்டுமன்றி, மலாயாவைப் பற்றி எழுதிப் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசைப் பெற்ற நாவலாசிரியராகவும் உலகம் அவரை அறியும். நம் தாத்தா பாட்டிகள் வேலை செய்த மண்ணோடு பின்னிக் கிடக்கும் அவருடைய வாழ்க்கையை நாம் அறிந்திருப்பது நல்லது.

திராட்சை செத்த ஊர்

ஃபோகோனியே 1879 பிப்ரவரி 26-ஆம் நாள், மேற்குப் பிரான்சின் ஷராந்த் பகுதியில் உள்ள பார்பெசியோ என்னும் சிற்றூரில் பிறந்தார். திராட்சைக்குப் பேர்போன சீமை அது. அங்கே விளையும் திராட்சையின் ஒயினை வடித்துத்தான் கோன்யாக் என்ற மதுவை உண்டாக்குகிறார்கள். அவருடைய குடும்பமும் கோன்யாக் வணிகக் குடும்பம்தான். பிள்ளைகள் ஆறு பேர். பிற்காலத்தில் தங்கை ழெனவியேவும் எழுத்தாளராகப் பெயர் எடுத்தார்.

அவர் பிறந்த காலம் அந்த ஊருக்குக் கெட்ட காலம். அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்சரா என்னும் கண்ணுக்கு எளிதில் தெரியாத பூச்சி, திராட்சைக் கொடியின் வேரைத் தின்று பிரான்ஸ் முழுவதும் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாக ஒரே பயிரை நம்பி வாழ்ந்த ஷராந்த் சீமையில் கொடிகள் பட்டுப்போயின. அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்கக் கொடியின் வேரில் தங்கள் கொடியை ஒட்டுக்கட்டி, உழவர்கள் மெல்ல மெல்லத் தோட்டங்களை மீட்டார்கள். ஒரே பயிரை நம்பிய மண் ஒரு பூச்சியிடம் தோற்கும் என்பதைப் பார்த்த ஊரில் வளர்ந்தவர் ஃபோகோனியே.

தகப்பனார் 1901-இல் இறந்தார். மகன் இங்கிலாந்து சென்று ஒரு பள்ளியில் பிரெஞ்சும் இசையும் கற்றுக்கொடுத்தார். எழுத வேண்டும் என்பதே அவருடைய கனவு. எழுதுகிறவனுக்குச் சோறு வேண்டும், ஓய்வும் வேண்டும். முதலில் பணம் சேர்ப்போம், பிறகு எழுதுவோம் என்று முடிவு செய்தார். போர்னியோவில் சவ்வரிசி மரம் வளர்த்தால் பணம் கொழிக்கும் என்று எங்கோ படித்ததை நம்பி, 1905-இல் கப்பல் ஏறினார்.

தமிழ் படித்த துரை

சிங்கப்பூரில் இறங்கிய பிறகுதான் உண்மை நிலவரம் தெரிந்தது. அப்போது எல்லாருடைய வாயிலும் இருந்த சொல் ரப்பர். சிலாங்கூரில் அதற்கு முன்பு காப்பித் தோட்டங்கள் இருந்தன. பிரேசில் காப்பி வந்து குவிந்ததில் விலை சரிந்தது, பூச்சியும் தாக்கியது. காப்பியை நம்பிய துரைமார்கள் அதை வெட்டிவிட்டு ரப்பருக்கு மாறிக்கொண்டிருந்த நேரம் அது. ஃபோகோனியே போர்னியோவை மறந்துவிட்டு, சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார்.

அங்கே அவர் கற்றவை தோட்டத் தொழிலும் இரண்டு மொழிகளும். ஒன்று மலாய், மற்றொன்று தமிழ். காரணம் எளிது. அன்றைய சிலாங்கூர்த் தோட்டங்களில் காட்டை அழிக்கச் சீனரும் ஜாவானியரும் இருந்தாலும், களையெடுப்பது, மரம் வெட்டுவது, பால் தூக்குவது எல்லாம் பெரும்பாலும் தமிழர் கைவேலை. காலைப் பெரட்டில் நிற்கும் ஆட்களின் மொழி தெரியாத துரை, கிராணியையும் கங்காணியையும் நம்பித்தான் காலம் தள்ள வேண்டும்.

1906 வாக்கில் சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் சொந்தமாக நிலம் எடுத்துக் குடியேறினார். ஆள் நடமாட்டம் குறைந்த காடு அது. பெல்ஜிய நாட்டு முதலாளி அட்ரியன் ஹாலேயின் துணையோடு, பிரசல்ஸ் நகரில் தோட்ட நிறுவனம் உருவானது. 1910-இல் ரப்பர் விலை உச்சிக்குப் போனபோது ஃபோகோனியே பணக்காரர் ஆனார். பின்னாளில் நம்மவர்களுக்கு நன்கு பழக்கமான சொக்பின் தோட்டங்களின் மூலமும் இந்த ஹாலேதான்.

ஃபோகோனியே சொந்த ஊர் நண்பர்கள் சிலரை வரவழைத்துத் தம் தோட்டங்களில் வேலைக்கு வைத்துக்கொண்டார். நம் கங்காணி சேலத்துக்கும் திருச்சிக்கும் போய்ச் சொந்தக் கிராமத்து ஆட்களைக் கூட்டிவந்தது போலத்தான் இதுவும். ஆனால் பார்பெசியோ ஆட்கள் பங்களாவுக்குப் போனார்கள், திருச்சி ஆட்கள் லயத்துக்குப் போனார்கள்.

செம்பனை வந்த வழி

செம்பனையின் பூர்வீகம் மேற்கு ஆப்பிரிக்கா. நம் வட்டாரத்தில் அது முதலில் அழகு மரமாகத்தான் நடப்பட்டது. சுமத்ராவில் ஹாலே அதைப் பயிராக்கத் தொடங்கியிருந்தார். 1911, 1912 ஆண்டுகளில் ஃபோகோனியே அங்கிருந்து விதைகளை வாங்கிவந்து ரந்தாவ் பாஞ்சாங்கில் நட்டார். மரங்கள் நன்றாகப் பிடித்துக்கொண்டன. தென்னமரத்தில் காப்பி சரிவர வராத நிலத்தில், 1917-இல் செம்பனை வணிகப் பயிராக நடப்பட்டது.

அந்த நேரத்தில் ஃபோகோனியே ஒரு போர்வீரர். 1914-இல் உலகப் போர் மூண்டதும் பிரான்ஸ் திரும்பிப் படையில் சேர்ந்தவர், சோம், வெர்டன் போன்ற கொடிய களங்களைக் கண்டார். 1917-இல் போருக்கு நடுவே மதலேன் என்ற பெண்ணை மணந்தார். செம்பனையின் வரலாற்றில் அவர் பெயர் முதலில் நிற்கிறது. விதையை வாங்கியதும் முடிவெடுத்ததும் அவர் என்பதால் அது நியாயமே. ஆனால் குழி தோண்டி, கன்று சுமந்து, நட்டு, காட்டுப்பன்றியிடமிருந்து காத்தவர்கள் யார்? அவர்களுடைய பெயர்கள் எந்த வரலாற்று நூலிலும் இல்லை.

நாவலில் நாம்

போர் முடிந்து மலாயாவுக்குத் திரும்பிய ஃபோகோனியே, 1925-இல் குடும்பத்தோடு வட ஆப்பிரிக்காவின் துனீசியாவுக்குக் குடிபெயர்ந்தார். இளமையில் போட்ட கணக்கு அங்கேதான் பலித்தது. 1930-இல் 'மலேசி' என்ற நாவலை வெளியிட்டார். அவ்வாண்டின் கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. மறு ஆண்டே ஆங்கிலத்தில் வந்தது. மலாய்ப் பந்துன்களையும் காட்டின் அழகையும் தோட்ட வாழ்க்கையையும் அவ்வளவு நெருக்கமாகச் சொன்ன ஐரோப்பிய நூல்கள் குறைவு.

கதையின் நடுவில் இருப்பவர்கள் இரண்டு பிரெஞ்சுத் தோட்டக்காரர்களும் இரண்டு மலாய் இளைஞர்களும். தமிழர்களும் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் பின்னணியில். தமிழ் படித்த ஒருவர், தம்மைச் சுற்றி அதிகம் ஒலித்த மொழிக்காரர்களைக் கதையின் ஓரத்தில்தான் நிறுத்தினார்.

அவர் எழுதாமல் விட்டதைத் தொழிலாளர்களே பின்னர் எழுதினார்கள், கோரிக்கை மனுவாக. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னின்ற வேலைநிறுத்தம் வெடித்தது. கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்றும் கேட்டார்கள். படையை அனுப்பி அடக்கினார்கள். உயிர்களும் போயின.

புட்டியில் இருக்கும் பெயர்

ஃபோகோனியே பின்னாளில் பிரான்சுக்கே திரும்பினார். 1973 ஏப்ரலில் பாரிஸ் நகரில் காலமானார். வயது 94. அதற்குள் மலேசியாவில் ரப்பர் இறங்கி, செம்பனை ஏறத் தொடங்கியிருந்தது.

அவர் பிறந்த நாட்டின் திராட்சைத் தோட்டங்கள் இன்று வேறொரு பாதையையும் தேடுகின்றன. இரசாயன உரத்தால் மண்ணும் விதையும் கெடுவதாகக் கவலைப்பட்ட உழவர்களுக்காக, ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரிய அறிஞர் 1924-இல் சில சொற்பொழிவுகள் ஆற்றினார். அதிலிருந்து பிறந்ததுதான் உயிராற்றல் வேளாண்மை. பசுவின் கொம்பில் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுவதும் மண்ணில் புதைத்து வைப்பார்கள். பிறகு அதை எடுத்து, ஒரு மணி நேரம் நீரில் கலக்கி நிலத்தில் தெளிப்பார்கள். விதைப்பதற்கும் நடுவதற்கும் பிறை பார்ப்பார்கள். லுவார் ஆற்றங்கரையில் கூலே தெ செரான் என்றொரு திராட்சைத் தோட்டம் இருக்கிறது. 1130-இல் துறவிகள் முதல் கொடியை நட்ட இடம் அது. 1980-களில் அது இந்த முறைக்கு மாறியது. கொம்புச் சாணத்தின் ஆற்றலை அறிவியலார் பலர் ஏற்பதில்லை. ஆனால் மண்ணைக் கொல்லாமல் பயிர் செய்ய வேண்டும் என்ற கவலை உண்மையானது. லயத்துக்குப் பின்னால் மாடு கட்டி, சாணம் போட்டு, வளர்பிறை பார்த்துக் கீரையும் கத்தரியும் நட்ட நம் பாட்டிகளுக்கு இதை யாரும் பாடமெடுக்கத் தேவையில்லை.

நம்மை உறுத்துவது இன்னொன்று. ஒயின் புட்டியில் தோட்டத்தின் பெயர் இருக்கும், விளைந்த ஆண்டும் இருக்கும். எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டாக ஒரு நிலத்துக்கு ஒரே பெயர். நம் சமையலறையில் இருக்கும் எண்ணெய்ப் பொட்டலத்தில் எந்தத் தோட்டத்தின் பெயரும் இல்லை. எல்லாக் குலைகளும் ஆலையில் ஒன்றாகிவிடுகின்றன.

ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியபோது நம்மவர்கள் இழந்ததும் கொஞ்சமல்ல. பால்மரத்துக்குக் குடும்பமே வேலைக்குப் போனது. செம்பனைக்கு அத்தனை பேர் தேவையில்லை. அதற்கு முன்பே தோட்டத் துண்டாடலில் பலர் வீடிழந்தார்கள். பிறகு மேம்பாடு வந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் எத்தனையோ தோட்டங்கள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறி, பெயரையே தொலைத்தன. கோயிலும் பள்ளியும் மட்டும் சில இடங்களில் பழைய தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கின்றன.

துண்டாடல் காலத்தில், தொழிலாளர்களே தோட்டத்துக்கு உரிமையாளர்களாக வேண்டும் என்று துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்குப் பணம் திரட்டினார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பிரிக்பீல்ட்சில் அவர் பெயர் தாங்கிய சாலையில் நடப்பவர்களில் எத்தனை பேர் அதை நினைத்துப் பார்க்கிறோம்?

ஃபோகோனியேயின் வாழ்க்கை முழுவதும் பதிவாகியிருக்கிறது. பிறந்த நாள், ஏறிய கப்பல், நட்ட விதை, பெற்ற பரிசு எல்லாம் இருக்கின்றன. தென்னமரத்தில் முதல் கன்றை நட்ட கையின் சொந்தக்காரருக்கு அப்படி ஒரு பதிவும் இல்லை. ஆனால் அவருடைய மொழி அந்த நிலத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டு நூறாண்டைத் தாண்டிவிட்டது.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால், அவர்கள் பிறந்த தோட்டம் எது, எந்தப் பிரிவு, எந்தக் கங்காணி காலத்தில் வந்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த வேலையை நமக்காக வேறு யாரும் செய்யப்போவதில்லை.