சிரிப்பிசைச் செல்வர் சந்திரபாபு

பிறந்த மண்ணை விட்டுப் பிறிதோரிடத்தில் வளரும் பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவரோ என்னும் கவலை, நம் போன்ற குடியேறிய மக்களின் நெஞ்சில் என்றும் உண்டு. அக்கவலைக்கு விடையாக விளங்குவது, அயல்நாட்டில் வளர்ந்து, அங்குப் பெற்றதையெல்லாம் தமிழுக்கே அளித்த ஒரு பாடகரின் வாழ்க்கை. அவரே ஜே. பி. சந்திரபாபு.

முத்துக்குப் பெயர்பெற்ற தூத்துக்குடியில் 1927-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். ஜோசப் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தையார் ரோட்ரிக்ஸ் நாட்டு விடுதலைக்காகச் செய்தித்தாள் நடத்தியவர். ஆங்கில ஆட்சியின் சினத்துக்கு ஆளானவர். அதனால் குடும்பம் கொழும்பு நகரில் குடியேற நேர்ந்தது. சிறுவர் அங்கேயே கல்வி பயின்றார். மேனாட்டு இசையிலும் நடனத்திலும் இளமையிலேயே வேட்கை கொண்டார். ஆல்ப்ஸ் மலை ஆயர்கள் குரலைத் திடீரென உடைத்து மேலே ஏற்றிப் பாடும் ‘யோடலிங்’ முறையும் அவருக்குக் கைவந்தது.

1943 அளவில் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. 1947-இல் ‘தன அமராவதி’ படத்தில் சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் பட நிலையங்களின் வாயில்கள் எளிதில் திறக்கவில்லை. வறுமையும் ஏமாற்றமும் முற்றிய நிலையில், ஜெமினி நிலையத்தில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்று, காப்பாற்றப்பட்டு, நீதிமன்றப் படியும் ஏறினார். அதே ஜெமினியார் 1952-இல் வெளியிட்ட ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவருக்கு இடம் அளித்தனர்.

பின்னர் அவர் புகழ் விரைந்து வளர்ந்தது. ‘பெண்’ (1954) படத்தில் வீணை எஸ். பாலசந்தருக்காகப் பின்னணி பாடினார். ‘புதையல்’ (1957) படத்தில் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரனார் இயற்றிய பாட்டை, விசுவநாதன்–இராமமூர்த்தி இசையில் துள்ளித் துள்ளிப் பாடி ஆடினார். ‘சபாஷ் மீனா’ (1958) படத்தில் இரு வேடம் ஏற்று, அவற்றுள் ஒன்றில் ரிக்ஷாக்காரராகச் சென்னைப் பேச்சைத் திரையில் ஒலிக்கச் செய்தார். ஏவி.எம்.மின் ‘சகோதரி’ (1959) எடுத்து முடித்த பின்னும் சுவை குன்றியதாகத் தோன்றவே, அவருடைய நகைச்சுவைப் பகுதி தனியே சேர்க்கப்பட்டது. படமும் வெற்றி கண்டது. ‘மரகதம்’ (1959) படத்தில் ஜமுனா ராணியுடன் பாடிய பாட்டு இல்லந்தோறும் ஒலித்தது.

நாம் வாழும் மராட்டிய மண்ணில் தோன்றிய இசையமைப்பாளர் சி. இராமச்சந்திரா, ‘அல்பேலா’ (1951) படத்தின் வாயிலாக மேனாட்டு நடனத் தாளத்தை இந்திப் பாட்டில் ஏற்றிய காலமும் ஏறத்தாழ இதுவே. ஆயினும் சந்திரபாபுவின் தனிச்சிறப்பு யாதெனில், கால்கள் ஆடும் தாளத்திலே கண்ணீரையும் கலந்தமையாகும். ‘கவலை இல்லாத மனிதன்’ (1960), ‘அன்னை’ (1962) ஆகிய படங்களில் அவர் பாடியவை மனித வாழ்வின் நிலையாமையையும் உலகியலின் முரண்பாட்டையும் உணர்த்துவன. கேட்டோர் முதலில் சிரித்தனர்; பின்னர்ச் சிந்தித்தனர்.

அவர் சொந்த வாழ்வோ துயர் மிக்கது. மணவாழ்வு நிலைக்கவில்லை. பேராவலுடன் கட்டத் தொடங்கிய மாளிகை கைவிட்டுப் போயிற்று. தயாரிக்க முற்பட்ட ‘மாடி வீட்டு ஏழை’ பாதியில் நின்றது. தாமே இயக்கி நடித்த ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ (1966) அவரது நிலையை உயர்த்தவில்லை. குடிப்பழக்கம் உடலை அரித்தது. 1974-ஆம் ஆண்டு மார்ச் திங்களில், ஐம்பது வயதையும் எட்டாமல் அவர் மறைந்தார்.

ஈட்டிய பொருளைக் காக்க அறியாமையும் உடலைப் பேணாமையும் அவர் வாழ்வு நமக்குக் காட்டும் எச்சரிக்கைகள். எனினும் அவர் விட்டுச் சென்ற செல்வம் குறையவில்லை. போபோடியில் வளரும் நம் மக்கள் பள்ளியில் மராத்தியும் தெருவில் இந்தியும் பேசுகின்றனர். கணபதி விழாவின் தோல் தாசா முழக்கத்துக்கு ஆடுகின்றனர். அதனை இழப்பென்று எண்ணி வருந்த வேண்டுவதில்லை. வீட்டில் தமிழ் உயிரோடிருக்குமாயின், அத்தாளமும் ஒருநாள் தமிழ்ப் பாட்டாகும். கொழும்பில் வளர்ந்த தூத்துக்குடிச் சிறுவர் அதனை மெய்ப்பித்துச் சென்றார்.