ஆண்ட மண்ணிலே அடைபட்ட அதிகாரி

செங்கோன்மையைப் போற்றிய வள்ளுவப் பெருந்தகை, அதனை அடுத்தே கொடுங்கோன்மைக்கெனவும் ஓர் அதிகாரம் வகுத்தார். அவ்வதிகாரத்திற்கு இருபதாம் நூற்றாண்டு தந்த உரைகள் பல. அவற்றுள் ஒன்று, கிழக்குப் பிரஷ்யாவை ஆண்ட நாஜி அதிகாரி எரிக் கோஹின் வரலாறு. ஹிட்லரை அறிந்த அளவிற்கு அவருடைய மண்டலத் தலைவர்களை உலகம் அறியவில்லை. ஆயினும், தலைநகரில் பிறந்த ஆணைகளை ஊர்தோறும் உயிர்க்கொலைகளாக நிறைவேற்றியவர்கள் இத்தகையோரே.

கோஹ் 1896ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் ஜெர்மனியின் எல்பர்ஃபெல்ட் நகரில், எளிய குடும்பத்தில் பிறந்தார். முதல் உலகப் போரில் படைவீரராக இருந்தார். பின்னர் இரயில்வே எழுத்தரானார். 1922இல் நாஜிக் கட்சியில் சேர்ந்த அவர், 1928இல் கிழக்குப் பிரஷ்யாவின் கட்சித் தலைவராகவும், 1933இல் அம்மாநில ஆட்சித் தலைவராகவும் உயர்ந்தார். தத்துவப் பேரறிஞர் காண்ட் வாழ்ந்து மறைந்த கோனிக்ஸ்பெர்க் நகரமே அவருடைய தலைநகரம். ஆங்குத் தம் பெயராலேயே ஓர் அறக்கட்டளை நிறுவி, அதன்வழிப் பெருஞ்செல்வம் குவித்தார். அறம் என்னும் சொல் அப்பெயரில் மட்டுமே இருந்தது எனலாம்.

1939இல் போலந்தின் வடபகுதி அவர் ஆட்சியில் சேர்க்கப்பட்டது. 1941இல் உக்ரைனின் ஆணையராகவும் அவர் அமர்த்தப்பட்டார். கீவ் மாநகரை விடுத்து ரோவ்னோ என்னும் சிற்றூரைத் தலைமையிடமாகக் கொண்டார். அவ்வாண்டு நவம்பரில், அவ்வூரை அடுத்த காட்டில் சுமார் 17,000 யூதர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர் ஆட்சியில் தானியம் பறிக்கப்பட்டது, உயர்கல்வி மறுக்கப்பட்டது, இலட்சக்கணக்கான இளைஞர்கள் கட்டாய உழைப்பிற்காக ஜெர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

1945 ஜனவரியில் சோவியத் படை கிழக்குப் பிரஷ்யாவிற்குள் புகுந்தது. மக்கள் முன்கூட்டியே வெளியேறுவதைத் தோல்வி மனப்பான்மை என்று கோஹ் தடுத்திருந்தார். விளைவாக, கடுங்குளிரில் உறைந்த கடற்கழியின்மீது நடந்து தப்ப முயன்ற முதியோரும் மகளிரும் குழந்தைகளும் ஆயிரக்கணக்கில் மாண்டனர். இறுதிவரை போரிடுமாறு பிறரைப் பணித்த அவரோ, ஏப்ரலில் பனியுடைக்கும் கப்பலொன்றில் ஏறித் தப்பினார். வேற்றினத்தாரை வதைத்தவர், தம் இனத்தாரையும் காக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

போருக்குப்பின் ரோல்ஃப் பெர்கர் என்னும் பொய்ப்பெயரில் வடஜெர்மனியின் சிற்றூரொன்றில் மறைந்து வாழ்ந்தார். 1949 மே மாதம் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் பிடிபட்டார். 1950இல் போலந்திடம் ஒப்படைக்கப்பட்டார். வார்சாவில் 1958இல் வழக்கு தொடங்கியது. நான்கு இலட்சம் போலந்து மக்களின் சாவிற்குப் பொறுப்பாளி என, 1959 மார்ச் 9இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி அத்தண்டனை நிறைவேற்றப்படவே இல்லை. கொள்ளையிடப்பட்ட அம்பர் மாளிகை அறையின் மறைவிடத்தை அவர் அறிந்திருக்கலாம் என்ற ஐயமே அவர் உயிரைக் காத்தது எனக் கருதுவோரும் உளர். உக்ரைனில் இழைத்த கொடுமைகளுக்காக எந்த நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை.

1986 நவம்பர் 12இல், தொண்ணூறாம் அகவையில், பார்ச்செவோ சிறையில் கோஹ் இறந்தார். அச்சிறை அமைந்த ஊர், போருக்குமுன் அவர் ஆண்ட கிழக்குப் பிரஷ்யாவைச் சேர்ந்ததே. தாம் கொடி நாட்டிய மண்ணிலேயே, வேறொரு நாட்டின் கைதியாக, அவர் நெடுங்காலம் வாழ நேர்ந்தது.

அவரால் மாண்டவர்களுக்கோ முதுமையும் வாய்க்கவில்லை. வழக்குரைக்க ஒரு மன்றமும் வாய்க்கவில்லை. நீதி முழுமை பெறாத இடங்களில், நினைவில் வைத்திருத்தலேனும் பின்வந்தோர் கடனாகும். வரலாறு பயிலும் மாணவர்கள் பேரரசர்களின் பெயர்களோடு இத்தகைய அதிகாரிகளின் பெயர்களையும் அறிந்து வைத்தல் வேண்டும்.