துவாரகாநாத் தாகூர்: ராணிகஞ்ச் நிலக்கரியும் அவர் காணாத ரயிலும்

கவிஞர் ரவீந்திரநாத் தாகூரின் பாட்டனார் என்ற அளவிலேயே துவாரகாநாத் தாகூரைப் பலரும் அறிவர். வங்காளத்தின் ராணிகஞ்ச் நிலக்கரி வயலைப் பெருந்தொழிலாக வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

1794-இல் கல்கத்தாவின் ஜொராசாங்கோவில் பிறந்த துவாரகாநாத், பெரியப்பாவின் தத்துப்பிள்ளையாக வளர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் சுங்கம், உப்பு, அபினி வாரியத்தில் திவானாக உயர்ந்த அவர், 1834-இல் அப்பதவியைத் துறந்து, வில்லியம் கார் என்ற ஆங்கிலேயருடன் சேர்ந்து கார், தாகூர் அண்ட் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளையரிடம் இந்தியர் முகவராக மட்டுமே இருந்துவந்த காலத்தில் இது சமபங்குக் கூட்டாக அமைந்தது.

ராணிகஞ்ச் பகுதியில் 1774-ஆம் ஆண்டிலேயே நிலக்கரி வெட்டப்பட்டது. எனினும், கங்கையிலும் கடலிலும் நீராவிக் கப்பல்கள் பெருகிய பின்னரே அதற்கு உண்மையான மதிப்பு ஏற்பட்டது. நொடித்துப்போன அலெக்சாண்டர் நிறுவனத்தின் ராணிகஞ்ச் சுரங்கத்தை 1836-இல் 70,000 ரூபாய்க்கு வாங்கினார் துவாரகாநாத்.

வெட்டியெடுப்பதைவிடக் கொண்டுசேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. தாமோதர் நதியில் மழைக்காலத்தில் மட்டுமே பாரப் படகுகள் ஓடும். வெள்ளம் வடிவதற்குள் நிலக்கரியை ஆம்தா வரை இறக்கிக் குவித்துவிட வேண்டும். அங்கிருந்துதான் அது கல்கத்தாவுக்குச் செல்லும். மழை பொய்த்தால் சுரங்க வாயிலிலேயே நிலக்கரி தேங்கும். படகுகளுக்காகவும் துறைகளுக்காகவும் சுரங்க உரிமையாளர்களிடையே ஓயாத தகராறுகள் நடந்தன. 1843-இல் போட்டி நிறுவனம் ஒன்றுடன் இணைந்து பெங்கால் கோல் கம்பெனி உருவானது. போட்டி தணிந்தது, ஆனால் நதி மாறவில்லை.

1842-இல் இங்கிலாந்து சென்ற துவாரகாநாத், அங்கு ரயில் பாதைகள் தொழிலை மாற்றியமைத்திருந்ததை நேரில் கண்டார். இந்திய ரயில் திட்டத்துக்காக ரோலண்ட் மக்டொனால்ட் ஸ்டீவன்சன் ஆதரவு திரட்டிவந்த 1844-இல், கல்கத்தாவிலிருந்து நிலக்கரி வயலுக்கு உடனே பாதை அமைப்பதாயின் முதலீட்டில் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டித் தர கார், தாகூர் நிறுவனம் முன்வந்தது. காலனி நாடொன்றின் உள்ளூர் மூலதனம் ரயில்வேயில் பங்காளியாக வர விரும்பிய அரிய தருணம் அது.

அது கைகூடவில்லை. 1846 ஆகஸ்ட் 1 அன்று, தமது இரண்டாவது இங்கிலாந்துப் பயணத்தின்போது அவர் லண்டனில் காலமானார். அடுத்த ஆண்டின் வணிக நெருக்கடியில், அவர் உருவாக்கிய யூனியன் வங்கியும் கார், தாகூர் நிறுவனமும் சரிந்தன. மூத்த மகன் தேவேந்திரநாத் பல ஆண்டுகள் பாடுபட்டுக் கடன்களை அடைத்தார்.

1849-இல் ஸ்டீவன்சனின் ஈஸ்ட் இந்தியன் ரயில்வேக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதலீட்டுக்கு 5 சதவீத வட்டி உத்தரவாதம், நிலம் இலவசம். ஈட்டம் குறைந்தால் பற்றாக்குறையை இந்திய வரிப்பணம் ஈடுசெய்யும். பங்குதாரர்களோ பெரும்பாலும் பிரிட்டனில் இருந்தனர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் கல்கத்தா வணிகர்கள் தாமே இடர் ஏற்று முதலிட முன்வந்த தொழிலில், இடர் இந்தியருக்கும் இலாபம் லண்டனுக்கும் என்றாயிற்று. பிற்காலத்தில் தாதாபாய் நௌரோஜி போன்றோர் எழுப்பிய செல்வ வடிகால் குற்றச்சாட்டில் ரயில்வே வட்டி முக்கிய இடம்பெற்றதில் வியப்பில்லை.

துவாரகாநாத்தைத் தியாகியாகச் சித்திரிப்பது தவறு. அவரது நிறுவனத்தின் கப்பல்கள் சீனாவுக்கு அபினி ஏற்றிச் சென்றன. அவுரித் தோட்டங்களும் ஜமீன்களும் அவருக்கு இருந்தன. நிலக்கரிச் சந்தையைத் தனியுரிமையாக்கவும் அவர் முயன்றார். ஆங்கிலேயருடன் கூட்டுச் சேர்ந்தால் சமநிலை தானாக வரும் என்று அவர் நம்பியது, என் கணிப்பில், அவரது பெரும் பிழை.

1855 பிப்ரவரி 3 அன்று ஹௌராவிலிருந்து ராணிகஞ்ச் வரை, 121 மைல் பாதை திறக்கப்பட்டது. மழைக்காகக் காத்திராமல் நிலக்கரி கல்கத்தாவை அடையத் தொடங்கியது. அதைக் காண விரும்பியவர் இறந்து எட்டரை ஆண்டுகள் ஆகியிருந்தன. அவரது சமாதி லண்டன் கென்சல் கிரீன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.