பத்திரிகைக்காக நாடு கடத்தப்பட்ட ஹார்னிமன்

இந்தியரின் உரிமைக்காக எழுதியதால், ஆங்கிலேய அரசாலேயே நாடு கடத்தப்பட்ட ஆங்கிலேயர் பெஞ்சமின் கை ஹார்னிமன்.

இங்கிலாந்தில் 1873-ல் பிறந்த இவர், 1906-ல் இந்தியாவுக்கு வந்து கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் பணியாற்றினார். 1913-ல் பிரோஸ்ஷா மேத்தாவின் 'பம்பாய் கிரானிக்கிள்' நாளேட்டுக்கு ஆசிரியரானார். அன்றைய பம்பாயில் இந்தியரின் குரலை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்ன ஏடு அது. அன்னி பெசன்ட் அம்மையாரின் சுயாட்சி இயக்கத்திலும் ஹார்னிமன் பங்கு கொண்டார்.

1919-ல் ரௌலட் சட்டம் வந்தது. விசாரணையின்றிச் சிறையில் அடைக்க வழி செய்த சட்டம். அதை எதிர்த்துக் காந்தியடிகள் அமைத்த சத்தியாக்கிரக சபையில் ஹார்னிமன் சேர்ந்தார். ஏப்ரல் 13-ந் தேதி ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. பஞ்சாப் செய்திகள் வெளியே வராமல் அரசு தடுத்தது. 'கிரானிக்கிள்' அரசைத் தொடர்ந்து கண்டித்தது.

ஏப்ரல் 26-ந் தேதி ஹார்னிமனைப் பிடித்துக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். வழக்கு இல்லை, விசாரணையும் இல்லை. ஏட்டையும் விடவில்லை. அச்சேறும் முன்பு அதிகாரிகளிடம் காட்டி அனுமதி பெற வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. அதற்குப் பணிந்து நடத்துவதைவிட நிறுத்துவதே மேல் என்று நிர்வாகிகள் முடிவு செய்தனர். 'கிரானிக்கிள்' நின்றது.

ஆனால் குரல் அடங்கவில்லை. நிர்வாகிகள் தங்களிடம் இருந்த 'யங் இந்தியா' வார ஏட்டைக் காந்தியடிகளிடம் ஒப்படைத்தனர். அது வாரம் இருமுறை வரத் தொடங்கியது. சில வாரங்களில் 'கிரானிக்கிளும்' மீண்டும் வெளிவந்தது.

லண்டனில் ஹார்னிமனும் சும்மா இருக்கவில்லை. அமிர்தசரசில் நடந்த கொடுமைகளைப் பற்றி 1920-ல் நூல் எழுதி, தம் நாட்டு மக்களுக்கு உண்மையைத் தெரிவித்தார்.

இந்தியா திரும்ப அவருக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. 1926-ல் வந்து மீண்டும் பேனாவை எடுத்தார். பின்னர் 'பம்பாய் சென்டினல்' என்ற மாலை ஏட்டை நடத்தினார். சுதந்திர இந்தியாவைக் கண்ட பிறகே, 1948-ல் காலமானார்.

மும்பை போர்ட் பகுதியில் வேலைக்குப் போகும் நம்மவர்கள் தினமும் கடக்கும் ஹார்னிமன் சர்க்கிள் இவர் பெயரில் அமைந்ததுதான். முன்பு அது எல்பின்ஸ்டன் சர்க்கிள். கவர்னராக இருந்தவரின் பெயர் போய், கவர்னரின் அரசு வெளியேற்றிய பத்திரிகையாளரின் பெயர் அங்கே நிலைத்துவிட்டது.