ஹோண்டா தன் குணத்தை இழக்கிறதா? சொய்ச்சிரோ ஹோண்டாவின் கதை

ஜொகூர் பாருவில் விடிவதற்கு முன்பே கடற்பாலத்தை நோக்கி மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடும். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் அந்தக் கூட்டத்தில் ஹோண்டா கப்சாய் கண்ணில் படாமல் இருக்காது. அதே ஊரில் சனிக்கிழமை இரவு மாமாக் கடையில் உட்கார்ந்தால் இன்னொரு ஹோண்டா பேச்சு கேட்கும். பழைய சிவிக், இண்டெக்ரா, எஞ்சின் உச்சத்துக்கு ஏறும்போது மாறுமே, அந்த விடெக் சத்தம். பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: இப்போ இருப்பது பழைய ஹோண்டாதானா?

சந்தேகத்துக்குக் காரணம் இருக்கு. என்எஸ்எக்ஸ் ஸ்போர்ட்ஸ் கார் 2022-ல் நின்றுபோனது. 2025-ல் ஜப்பானில் மீண்டும் வந்த பிரெலூட் ஒரு ஹைபிரிட் கார். அதில் கியர் மாறுவது போன்ற உணர்வை மென்பொருள்தான் உருவாக்குகிறது. மாறுவதற்கு வழக்கமான கியர்களே இல்லை. நிறுவனர் உயிரோடு இருந்திருந்தால் இதை விட்டிருப்பாரா என்று ரசிகர்கள் கேட்கிறார்கள். சரி, யார் அந்த நிறுவனர்?

கொல்லரின் மகன்

சொய்ச்சிரோ ஹோண்டா 1906-ல் ஜப்பானின் ஹமமாட்சு அருகே ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா இரும்புக் கொல்லர். 15 வயதில் தோக்கியோ போய் ஒரு கார் பட்டறையில் சேர்ந்தார். 1924-ல் அந்தப் பட்டறை, விமான எஞ்சினைப் பொருத்திச் செய்த பந்தயக் காரை ஓடவிட்டு ஜெயித்தது. ஓட்டுநர் பக்கத்தில் மெக்கானிக்காக உட்கார்ந்திருந்த பையன் இவர்தான். 1936-ல் இவரே ஓட்டிய பந்தயத்தில் கார் கவிழ்ந்து, வெளியே தூக்கி வீசப்பட்டார்.

போர் முடிந்து 1946-ல், ராணுவம் பயன்படுத்திய சின்ன ஜெனரேட்டர் எஞ்சின்களை வாங்கிச் சைக்கிளில் மாட்டி விற்றார். 1948-ல் ஹோண்டா மோட்டார் பிறந்தது. அடுத்த ஆண்டு தக்கேயோ ஃபுஜிசாவா சேர்ந்தார். பணமும் விற்பனையும் அவர் பொறுப்பு, எஞ்சின் இவர் பொறுப்பு. 1958-ல் வந்த சூப்பர் கப், 2017-க்குள் 10 கோடியைத் தாண்டியது. நம்ம ஊர் கப்சாய் அதன் வாரிசு.

1960-களின் தொடக்கத்தில் ஜப்பானிய அரசாங்கம், புதிய நிறுவனங்கள் கார் தயாரிப்பில் இறங்குவதைக் கட்டுப்படுத்தச் சட்டம் கொண்டுவரப் பார்த்தது. ஹோண்டா அவசரமாக 1963-ல் ஒரு குட்டி லாரியையும் எஸ்500 ஸ்போர்ட்ஸ் காரையும் இறக்கினார். எஸ்500-இன் பின்சக்கரத்தைச் சுழற்றியது செயின், மோட்டார் சைக்கிள்ல இருக்கிற மாதிரி! 1964-ல் ஃபார்முலா 1-க்குள் நுழைந்து, 1965-ல் மெக்சிகோவில் முதல் வெற்றியைப் பெற்றார்கள்.

காற்றா, தண்ணீரா?

எஞ்சினைக் காற்றாலேயே குளிர்விக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ரேடியேட்டர் தண்ணீரும் கடைசியில் காற்றால்தானே குளிர்கிறது, நடுவில் தண்ணீர் எதற்கு என்பது அவர் வாதம். மோட்டார் சைக்கிளில் அது சரியாக இருந்தது. காரில் சரிப்படவில்லை.

1968-ல் காற்றால் குளிரும் ஆர்ஏ302 பந்தயக் காரை ஓட்ட, அணியின் முதன்மை ஓட்டுநர் ஜான் சர்ட்டீஸ் மறுத்தார். பிரான்சின் ரூவானில் ஜோ ஷ்லெசர் அதை ஓட்டினார். பந்தயத்தின் தொடக்கத்திலேயே கார் மோதித் தீப்பிடித்து அவர் இறந்தார். அந்த ஆண்டோடு ஹோண்டா ஃபார்முலா 1-ஐ விட்டு விலகியது. ஆனாலும் 1969-ல் வந்த எச்1300 காரிலும் காற்றுதான். கனமான, சிக்கலான எஞ்சின்; விற்பனை படுத்துவிட்டது.

புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. தண்ணீர் முறை இல்லாமல் முடியாது என்று இளம் பொறியாளர்கள் நின்றார்கள். அவரிடம் நேரடியாகச் சொல்லும் தைரியம் ஃபுஜிசாவாவுக்குத்தான் இருந்தது. நீங்கள் தலைவராக இருக்கப்போகிறீர்களா, பொறியாளராகவா என்று கேட்டார். ஹோண்டா இறங்கி வந்தார்.

அதன் பிறகு, 1972-ல், தண்ணீரால் குளிரும் சிவிக் வந்தது. மாமாக் கடையில் நாம் கொண்டாடும் சிவிக், நிறுவனர் தோற்ற சண்டையில் பிறந்த வண்டி! தொடர்ந்து வந்த சிவிசிசி எஞ்சின், அமெரிக்காவின் கடுமையான புகை விதிகளைப் பெரிய நிறுவனங்களுக்கு முன்பே எட்டிப்பிடித்தது. அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளை மிஞ்ச நல்ல வாய்ப்பு என்று ஹோண்டா நினைத்தார். பொறியாளர்களோ, அதைக் கம்பெனிக்காக இல்லை, சமுதாயத்துக்காகச் செய்கிறோம் என்றார்கள். விலகும் நேரம் வந்துவிட்டதை அப்போது அவர் உணர்ந்தார். 1973-ல் ஃபுஜிசாவாவோடு சேர்ந்தே ஓய்வு பெற்றார். பிள்ளைகளுக்கு நாற்காலியைக் கொடுக்கவில்லை.

ஆகவே, மாறினாலே ஹோண்டா கெட்டுவிட்டது என்று சொல்ல அவர் பெயரை இழுப்பது கஷ்டம். ஆனால் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு. அன்று அவர் விட்டுக்கொடுத்தது இன்னும் நல்ல எஞ்சினுக்காக. இல்லாத கியருக்கு உணர்வு கொடுப்பது அதே ரகமா? பிரெலூட்டை ஓட்டிப் பார்த்துத்தான் சொல்லணும்.

1991 ஆகஸ்ட் 5-ஆம் தேதி, 84 வயதில் அவர் காலமானார். நிறுவனத்தின் சார்பில் பெரிய இறுதிச்சடங்கு நடக்கவில்லை. அவர் அதை விரும்பவில்லை. கார் செய்கிறவனின் சாவால் சாலையில் நெரிசல் வரக்கூடாது என்பது அவர் எண்ணம்.