ஃபிரெடெரிக் சார்லஸ் ஃபிரேசர்

ஃபிரெடெரிக் சார்லஸ் ஃபிரேசர் (1880 – 1963) இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவரும் பூச்சியியலாளரும் ஆவார். இந்திய மருத்துவப் பணியில் லெப்டினன்ட் கர்னல் தகுதி வரை உயர்ந்த இவர், தட்டான்களையும் ஊசித்தட்டான்களையும் உள்ளடக்கிய ஒடோனேட்டா வரிசைப் பூச்சிகளை ஆராய்ந்தவர். இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் தட்டான்களைப் பற்றி இவர் எழுதி 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த மூன்று தொகுதிகள், இத்துறையில் இன்றும் முதலில் புரட்டப்படும் நூல்களாக உள்ளன. முதிர்ந்த ஆண் பூச்சியின் உடலுறுப்புகளைக் கொண்டு இனத்தை உறுதி செய்யும் முறையை இந்தியத் தட்டான்களுக்கு விரிவாகக் கையாண்டவர் இவரே.

வாழ்க்கை

ஃபிரேசர் இலண்டனை அடுத்த உல்விச்சில் பிறந்தார். மருத்துவம் பயின்று அறுவை மருத்துவராக இந்தியா வந்தார். பூச்சியியல் இவருடைய தொழில் அன்று. அக்காலத்தில் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரிகள் பலர் பறவை, பாம்பு, வண்ணத்துப்பூச்சி என ஏதேனும் ஒன்றைச் சேகரித்து வந்தனர். அவர்களுள் பலருக்கு அது பொழுதுபோக்காகவே முடிந்தது. ஃபிரேசருக்கு அதுவே வாழ்நாள் பணியாயிற்று.

பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் 1918 ஆம் ஆண்டு முதல் இந்தியத் தட்டான்கள் பற்றிய நீண்ட கட்டுரைத் தொடரை இவர் எழுதினார். 1924 இல் மேற்கிந்தியத் தட்டான்கள் பற்றிய கள ஆய்வை இந்திய அருங்காட்சியகத்தின் வெளியீட்டில் பதிப்பித்தார். முப்பது புதிய இனங்கள் அதில் விவரிக்கப்பட்டன. குடகு, நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றின் ஓடைகளே இவருடைய முதன்மையான சேகரிப்பு இடங்கள்.

ஓய்வுக்குப் பின் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ன்மவுத் நகரில் வாழ்ந்தார். ஆத்திரேலியப் பூச்சியியலாளர் ராபின் ஜான் டில்யார்டு 1937 இல் விபத்தில் இறந்தபோது, தட்டான் வரிசையின் மறுவகைப்பாடு குறித்த அவருடைய ஆய்வு முடிவடையாமல் நின்றது. அதை ஃபிரேசர் எடுத்து முடித்து, இருவர் பெயரிலும் 1938 முதல் 1940 வரை வெளியிட்டார். தமது சொந்த மறுவகைப்பாட்டை 1957 இல், எழுபத்தேழு வயதில், நூலாக்கினார்.

ஆண் பூச்சியைக் கொண்டு இனம் காணுதல்

தட்டானை நிறத்தைக் கொண்டே அடையாளம் காணலாம் என்று தோன்றும். ஆனால் நிறம் பல வேளைகளில் ஏமாற்றிவிடும். கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த ஆண், பெண்ணைப் போலவே வெளிறி இருக்கும். வயல்வெளிகளில் காணப்படும் குரோக்கோதெமிஸ் செர்விலியா இனத்தின் முதிர்ந்த ஆண் இரத்தச் சிவப்பு நிறமுடையது. அதே ஆண் இளமையில் மஞ்சளாகவே இருக்கும். இறந்து உலர்ந்த மாதிரிகளிலோ நீலமும் பச்சையும் பெரும்பாலும் மங்கிவிடுகின்றன. அருங்காட்சியகப் பெட்டியில் இருக்கும் ஐம்பது ஆண்டுப் பழைய மாதிரிக்கு நிறத்தை நம்பிப் பெயரிட முடியாது.

எனவே மாறாத உறுப்புகள் தேவைப்பட்டன. ஆண் தட்டானின் வயிற்றின் நுனியில் பற்றுறுப்புகள் உள்ளன. ஊசித்தட்டான்களில் மேல் இணை ஒன்றும் கீழ் இணை ஒன்றுமாக நான்கு உறுப்புகள் உண்டு. தட்டான்களில் மேலே இரண்டும் கீழே ஒன்றுமாக மூன்று உண்டு. இணை சேரும்போது ஆண் இவற்றால் பெண்ணைப் பற்றிக்கொள்கிறது: ஊசித்தட்டான் பெண்ணின் முன்மார்பையும், தட்டான் பெண்ணின் தலையையும் பற்றும். இவ்வுறுப்புகளின் வளைவு, நீளம், முட்கள், நுனியின் பிளவு ஆகியவை இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. நெருங்கிய உறவுடைய இனங்களிலும் இவ்வேறுபாடு தெளிவாகத் தெரிவதுண்டு.

இன்னொரு விந்தையான உறுப்பும் ஆணுக்கு உண்டு. விந்து உருவாகி வெளிப்படும் துளை வயிற்றின் ஒன்பதாம் கண்டத்தில் அமைந்திருக்க, கலவிக்கான உறுப்போ இரண்டாம், மூன்றாம் கண்டங்களின் அடிப்பக்கத்தில் இருக்கிறது. ஆண் தன் வயிற்றை வளைத்து விந்தை அங்கே மாற்றி வைத்துக்கொண்ட பின்னரே கலவி நிகழும். பூச்சிகளுள் வேறெவ்வரிசையிலும் இவ்வமைப்பு இல்லை. இதன் வடிவமும் இனத்தைக் காட்டும்.

ஃபிரேசரின் தொகுதிகளில் இவ்வுறுப்புகள் பக்கவாட்டிலிருந்தும் மேலிருந்தும் கோட்டோவியங்களாக வரையப்பட்டுள்ளன. சுமார் 1,280 பக்கங்கள் கொண்ட அம்மூன்று தொகுதிகளில் மாணவர்கள் அதிகம் பயன்படுத்துவது இவ்வோவியங்களையும் இருவழித் திறவுகோல்களையும்தான். பெண்களின் விவரணை பல இடங்களில் சுருக்கமாகவே உள்ளது. சில இனங்களில் பெண் அறியப்படவில்லை என்றே விடப்பட்டுள்ளது.

மே ஈக்களுடன் ஒப்பீடு

இறக்கையை உடலின்மேல் மடக்க இயலாத பழமையான பூச்சிகளுள் இன்று எஞ்சியிருப்பவை இரண்டு வரிசைகள்: தட்டான்களும் மே ஈக்களும். மே ஈக்களிலும் முதிர்ந்த ஆணைக் கொண்டே பெரும்பாலான இனங்கள் உறுதி செய்யப்படுகின்றன. ஆணின் முன்கால்கள் நீண்டவை. கண்கள் பெண்ணின் கண்களைவிடப் பெரியவை, பேட்டிடே குடும்பத்தில் அவை தலைப்பாகை போல மேல்நோக்கி எழுந்திருக்கும். வயிற்றின் நுனியில் இடுக்கி போன்ற இணையுறுப்பும், அதற்கு மேலே ஆண்குறி மடல்களும் உண்டு. தட்டானில் பற்றுறுப்பு ஆற்றும் அடையாளப் பணியை இங்கே இடுக்கி ஆற்றுகிறது.

வேறுபாடுகளும் உண்டு. மே ஈ இறக்கை பெற்ற பின்னரும் ஒருமுறை தோலுரிக்கும். அந்த இடைநிலைப் பூச்சியின் இறக்கை மங்கலாகவும் உறுப்புகள் முழு வளர்ச்சி அடையாமலும் இருப்பதால், அதைக் கொண்டு இனத்தை முடிவு செய்தல் பிழையாகலாம். முதிர்ந்த மே ஈ உண்பதில்லை. பல இனங்களில் அதன் ஆயுள் ஓரிரு நாள்களுக்குள் முடிந்துவிடும். தமிழில் மே ஈயைச் சிலர் ஈசல் என்று எழுதுவதுண்டு. ஈசல் என்பது இறக்கை முளைத்த கறையான். இரண்டுக்கும் நெருங்கிய உறவு ஏதுமில்லை.

நீலகிரியிலிருந்து திருவரங்கம் வரை

ஃபிரேசர் பெயரிட்ட இனங்கள் பலவற்றின் பெயரில் ஊர்கள் உள்ளன. இடியோனிக்ஸ் பேரினத்தில் மட்டும் நீலகிரியின் பெயரால் ஒன்று (1918), கூடலூரை அடுத்த நாடுகாணியின் பெயரால் ஒன்று (1924), குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள பர்லியாரின் பெயரால் ஒன்று (1926) உண்டு. இப்பேரினத்துத் தட்டான்கள் அந்திப்பொழுதில் காட்டோரங்களில் பறப்பவை. உருவில் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், ஆணின் பற்றுறுப்பைப் பார்க்காமல் இவற்றைப் பிரித்தறிதல் கடினம்.

குன்னூர் ஆறு பவானியில் கலக்கிறது, பவானி காவிரியில் கலக்கிறது. குடகின் ஓடைகள் பலவும் காவிரிக்கே வருகின்றன. ஆக, ஃபிரேசர் வலை வீசிய ஓடைகள் பலவற்றின் நீர், முக்கொம்பில் பிரிந்து திருவரங்கம் தீவை இருபுறமும் சுற்றிச் செல்லும் அதே நீராகும். ஆனால் தட்டான்கள் அவ்வாறு இறங்கி வருவதில்லை. குளிர்ந்த, நிழலான, வேகமாக ஓடும் நீரில் வளரும் மலை இனங்கள் சமவெளியின் மணல் ஆற்றில் வாழ்வதில்லை. திருச்சிராப்பள்ளிப் பகுதி போன்ற சமவெளிகளின் குளங்களிலும் வாய்க்கால்களிலும் காணப்படுபவை பரவலான இனங்களே: செம்மஞ்சள் இறக்கையுடைய பிராக்கிதெமிஸ் கண்டாமினேட்டா, ஆர்த்தெட்ரம் சபீனா, மழைக்காலத்தை ஒட்டிக் கூட்டமாகப் பறக்கும் பண்டாலா ஃபிளாவெசென்ஸ் முதலியன. ஃபிரேசரின் திறவுகோல்கள் இவற்றுக்கும் பொருந்தும்.

தொடக்கநிலை மாணவருக்கு நல்ல பயிற்சி தருவது பிராடினோபைகா ஜெமினேட்டா என்னும் இனமாகும். கருங்கற் பாறைகளிலும் சுவர்களிலும் தட்டையாக ஒட்டி அமரும் இத்தட்டான், சாம்பலும் கறுப்புமாகக் கல்லின் நிறத்திலேயே இருப்பதால் எளிதில் கண்ணில் படாது. பாறைக்குழிகளிலும் சிமெண்டுத் தொட்டிகளிலும் முட்டையிடும். ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே நிறமுடையவை. இரண்டாம் கண்டத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தே, கலவியுறுப்பு இருந்தால் ஆண் என்று முடிவு செய்ய வேண்டும்.

வகைப்பாடும் பிற்கால மாற்றங்களும்

இனங்களைப் பிரிக்க ஆணின் உறுப்புகளைக் கொண்ட ஃபிரேசர், குடும்பங்களை அமைக்க இறக்கை நரம்புகளையே பெரிதும் நம்பினார். இங்கேதான் இவருடைய பணி பின்னர் திருத்தம் பெற்றது. நரம்புகள் குறைந்த ஊசித்தட்டான்களை 1957 வகைப்பாட்டில் புரோட்டோநியூரிடே என்ற ஒரே குடும்பத்தில் வைத்திருந்தார். நரம்புக் குறைவு வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே தோன்றியது என்பதை மரபணு ஒப்பீடுகள் காட்டின. 2014 இல் வெளியான மறுவகைப்பாட்டில், அக்குடும்பத்தில் இருந்த ஆசிய, ஆப்பிரிக்க உறுப்பினர்கள் பிளாட்டிக்னெமிடிடே குடும்பத்துக்கு மாற்றப்பட்டனர். இவர் 1922 இல் நிறுவிய எஸ்மே, மெலனோநியூரா, ஃபில்லோநியூரா ஆகிய மேற்குத் தொடர்ச்சி மலைப் பேரினங்களும் அவ்வாறே இடம் மாறின. பேரினங்கள் நிலைத்தன, குடும்பம் மட்டுமே மாறியது.

சில இனங்களை மிகக் குறைந்த மாதிரிகளைக் கொண்டே இவர் பெயரிட்டார். அவற்றுள் சில பின்னர் வேறு இனங்களுடன் இணைக்கப்பட்டன. நீரில் வாழும் இளவுயிரிகள் பலவற்றை இவர் விவரித்திருப்பினும், இந்திய இனங்களுள் பெரும்பான்மையானவற்றின் இளவுயிரிகள் இன்னும் விவரிக்கப்படாமலே உள்ளன. ஓடை மாசடைந்தால் முதலில் பாதிக்கப்படுவது இளவுயிரியே என்பதால் இக்குறை சிறியதன்று.

ஃபிரேசரின் சேகரிப்பு இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. ஐயத்துக்குரிய ஓர் இனத்தை மூல மாதிரியுடன் ஒப்பிட விரும்பும் இந்திய ஆய்வாளர், பர்லியாரில் பிடிக்கப்பட்ட பூச்சியைப் பார்ப்பதற்குக் கூட அங்கே செல்லவோ படம் கேட்டு எழுதவோ வேண்டியுள்ளது. மூன்று தொகுதிகளும் மின்வருடப்பட்டு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.