யார் இந்த ராபர்ட் போஷ்? பைக் பிளக்கில் உள்ள வெள்ளைப் பீங்கானின் கதை

பெட்ரோல் வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா, சுரண்டையோ தென்காசியோ, எந்த ஊர் மெக்கானிக்கும் முதலில் கழற்றிப் பார்ப்பது ஸ்பார்க் பிளக்கைத்தான். அதன் நடுவில் இருக்கும் வெள்ளைப் பீங்கானில் விரிசல் விழுந்தால் எஞ்சின் திணறும். இந்தச் சின்னப் பொருளை உலகம் முழுக்கக் கொண்டு போனவர்களில் முக்கியமானவர், ஜெர்மனியின் ராபர்ட் போஷ்.

12 பிள்ளைகளில் 11-வது

1861 செப்டம்பர் 23-ல் உல்ம் நகருக்கு அருகே ஆல்பெக் கிராமத்தில் பிறந்தார். விவசாயமும் விடுதியும்தான் குடும்பத் தொழில். மெக்கானிக் வேலை கற்றவர், அமெரிக்காவில் எடிசன் நிறுவனத்திலும் இங்கிலாந்தில் சீமென்ஸிலும் வேலை பார்த்தார். 1886-ல் ஷ்டுட்கார்ட்டில் சொந்தப் பட்டறை போட்டார். கூட இருந்தது ஒரு மெக்கானிக், ஒரு எடுபிடிப் பையன், அவ்வளவுதான். முதல் சில வருடங்கள் கடனிலேயே ஓடின.

பீங்கான் எதற்கு?

எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்க ஒரு தீப்பொறி வேணும். அதற்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் தேவை. அந்த மின்சாரம் பக்கத்து இரும்பில் கசிந்தால் பொறியே வராது. உள்ளே வெப்பமோ 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அடுத்த நொடிக்குள் குளிர்ந்த காற்று வந்து மோதும். ரப்பரோ பிளாஸ்டிக்கோ இதைத் தாங்காது. தாங்குவது பீங்கான்தான்.

பிளக்கை போஷ் கண்டுபிடிக்கவில்லை. 1860-லேயே லெனுவார் எஞ்சினில் அது இருந்தது. ஆனால் வேகமாக ஓடும் காருக்கு நம்பகமான பொறி கிடைக்காமல் எல்லோரும் தவித்தார்கள். 1902-ல் போஷின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட், உயர் மின்னழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் சேர்த்து உருவாக்கினார். கார் உற்பத்தியாளர்கள் தேடி வந்தார்கள். இப்போதைய பிளக்குகளில் இருப்பது அதைவிட உறுதியான அலுமினா செராமிக்.

8 மணி நேர வேலை

1906-லேயே தன் ஆலையில் 8 மணி நேர வேலையைக் கொண்டு வந்தார் போஷ். மற்ற முதலாளிகள் அவரைச் 'சிவப்பு போஷ்' என்றே கிண்டலடித்தார்கள். ஆனாலும் 1913-ல் அதே ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. முதல் உலகப் போரில் கிடைத்த லாபத்தின் பெரும்பகுதியைப் பொதுக் காரியங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

ஹிட்லர் காலத்தில் என்ன செய்தார்?

இங்கேதான் சிக்கல். ஹிட்லரின் ராணுவத்துக்கு இவருடைய நிறுவனம் பொருள் செய்து கொடுத்தது. போர்க்காலத்தில் அதன் ஆலைகளில் ஆயிரக்கணக்கானோர் கட்டாய உழைப்பில் வதைபட்டார்கள். அதே நேரம், யூதர்கள் தப்பிக்கப் பண உதவி போனதும் இங்கிருந்துதான். ஹிட்லர் எதிர்ப்பாளர் கார்ல் கோர்டெலருக்கு 1937-ல் வேலை கொடுத்துப் பாதுகாத்தது இதே நிறுவனம். 1942 மார்ச் 12-ல் போஷ் இறந்தபோது, அவர் வெறுத்த அதே அரசு அவருக்கு அரசு மரியாதை செய்தது. கோர்டெலர் 1945-ல் தூக்கிலிடப்பட்டார்.

இந்தியாவுக்கு எப்படி வந்தது?

1922-ல் கல்கத்தாவில் விற்பனை தொடங்கியது. 1951-ல் பெங்களூரில் 'மைக்கோ' நிறுவனம் உருவாகி, பிளக் இங்கேயே தயாரானது. பழைய மெக்கானிக்குகளுக்கு 'மைக்கோ பிளக்' என்றால்தான் சட்டென்று புரியும்.

சொத்து என்ன ஆனது?

லாபம் பொதுநலனுக்குப் போக வேண்டும் என்பது போஷின் விருப்பம். இன்று நிறுவனப் பங்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அவர் பெயரிலான அறக்கட்டளையிடம் உள்ளது. அதற்கு வரும் பணம் மருத்துவம், கல்வி, ஆராய்ச்சி போன்றவற்றுக்குச் செலவாகிறது.